தம்பிலியைப் பறித்தவள்

பேச்சியம்மாவின் இடியப்பம் மிஞ்சிப்போன அன்றைக்குத்தான் விஷயம் பெரிசு என்று எனக்கு உறைத்தது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைச் சந்துக்குள் முதலில் பற்றுவது அவள் வீட்டு அடுப்பு. அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். மாவைக் குழைத்து உரலில் அடைத்து அவள் அமுக்குகிற சத்தத்தில்தான் நான் எழும்புவேன். சிவப்பரிசி மா இடியப்பம், தேங்காய்ச் சம்பல், பருப்பு, சொதி. துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவன், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போகிற தாய், சேர்ச்சில் பூசை முடிந்து வருகிறவள், எல்லாரும் அவள் வாசலில் நிற்பார்கள். நேரம் பிந்திப் போனால் பக்கத்து வீட்டுக்காரன் எனக்கே கிடைக்காது.

அன்றைக்கு வெயில் ஏறிய பிறகும் ஈரத் துணி போட்டு மூடின தட்டுகள் அப்படியே இருந்தன. பேச்சியம்மா படியில் குந்தியிருந்தாள்.

"என்ன பேச்சி, ராவு பேஞ்ச மழைக்கு ஆள் வரலையா?"

"ஆளு வந்துச்சுண்ணே. வாசல்ல நின்னு உள்ளுக்கு எட்டிப் பாத்துட்டுப் போவுது. இடியப்பம் திங்க வரல. எம் மருமவளப் பாக்க வந்திருக்கு."

"அவளுக்கு என்ன?"

"போன்ல வந்துட்டாளாம்."

அவள் மருமகள் சுதர்சினி ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி, நோயாளிகளைப் பார்க்கிற தாதி. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியில், டெங்கு வாட்டில் வேலை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வளர்ந்தது வெள்ளவத்தையில். பேச்சியம்மாவின் மகன் சந்திரகுமார் ஆட்டோ ஓட்டுகிறவன். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவைப் போட்டுக்கொண்டு நின்றவன், அவளை ஏற்றி இறக்கி, கடைசியில் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். இரண்டு வீட்டுக்கும் பிடிக்கவில்லை. பிறகு பிடித்துவிட்டது.

சந்திரகுமார்தான் போனில் எனக்கு அந்தப் படத்தைக் காட்டினான். கொசு வலை கட்டின கட்டில். உள்ளே ஒரு பெரிய உடம்புக்காரன். அவன் கையில் ஒரு போத்தல், அது நிறையத் தம்பிலி இளநி. வாயில் வைக்கப் போகிறான். வெள்ளை உடுப்புக்காரி ஒருத்தி வந்து வெடுக்கென்று பறிக்கிறாள். "குடிக்கக்கூடாது எண்டு எத்தினை தரம் சொன்னனான்?" என்கிறாள். அந்த மனிதன் கையை நீட்டிக்கொண்டே இருக்கிறான், தண்ணீருக்கு அழுகிற பிள்ளை மாதிரி. அவள் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். அவ்வளவுதான் படம். அடியில் சோகமாக ஒரு வயலின். மேலே சிங்களத்திலும் தமிழிலும் எழுத்து. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். சந்திரகுமார் வாசித்தான்: "நோயாளியின் கையிலிருந்து இளநீரைப் பறித்த இரக்கமற்ற தாதி."

"எவ்வளவு பேர் பாத்திருக்கான்?"

"கேக்காதீங்க மாமா. டுபாய்ல இருந்து ஒருத்தன் எடுத்துக் கேக்கிறான், இது ஒன்ட வைஃப் தானே எண்டு."

வேறு எதையாவது செய்திருந்தால் ஆட்கள் இவ்வளவு கொதித்திருக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி ஏசினாள் என்றால் அது எல்லாருக்கும் பழகினது. இது குடிக்கிறதைப் பறித்தது. வெசாக் வந்தால் தன்சல் பந்தல் போட்டு, றோட்டால் போகிறவனை, பஸ்ஸை, லொறியை மறித்து வலுக்கட்டாயமாகக் குடிக்கக் கொடுக்கிற ஊர் இது. தேர் போனால் மோர். நோன்பு திறக்கிற நேரம் கஞ்சி. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவனும் தாகத்துக்குக் கேட்டவனுக்கு இல்லை என்று சொல்ல மாட்டான். இந்த ஒழுங்கைத் தன்சலுக்கு வருஷா வருஷம் அண்டாவில் சர்பத் கலக்குகிறவளே பேச்சியம்மாதான். அவள் வீட்டு மருமகள் இப்படி என்றால் யார் அவள் கையால் வாங்கித் தின்பான்?

எனக்குப் படம் எடுக்கிறவனிலும் நம்பிக்கையில்லை, ஆஸ்பத்திரியிலும் நம்பிக்கையில்லை. இரண்டும் ஆளைக் கிடத்திவிட்டுத்தான் கதை சொல்லும். அதனால் நேரே அவளிடமே கேட்டேன்.

பின்பக்கம் குழாயடியில் அவள் யூனிஃபோர்ம் தோய்த்துக்கொண்டிருந்தாள். நீலம் போட்டு அலசி, பிழிந்து, உதறி, கொடியில் போட்டாள். உதறினால் பட்டென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் கோபம் இருந்ததா என்று பார்த்தேன். தெரியவில்லை.

"பறிச்சியா புள்ள?"

"ஓம் மாமா. பறிச்சனான்."

"ஏன்?"

"குடிச்சா ஆபத்து, அதுதான்."

"தம்பிலியா? பச்சைப் புள்ளைக்கும் குடுக்கிறது."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கல்லில் இருந்தாள். "டெங்குவில காய்ச்சல் விடுற நேரம்தான் பயம். வீட்டாக்கள் காய்ச்சல் விட்டிட்டுது, ஆள் தேறிட்டார் எண்டு சந்தோஷப்படுவினம். அப்பதான் உள்ளுக்க ரத்தக் குழாய் கசியத் தொடங்கும். அந்த நேரம் கண்டபாட்டுக்குக் குடிச்சா அது நெஞ்சுக்க போய்த் தேங்கும், மூச்சு முட்டும். குறையக் குடிச்சாலும் ஆபத்து. மணித்தியாலத்துக்கு இவ்வளவு எண்டு டொக்டர் சொல்லுவார். நாங்கள் அளந்து குடுப்பம். போற மூத்திரத்தையும் அளப்பம்."

"மூத்திரத்தையா?"

"ஓம். அதுதான் எங்கட வேலை. அதை ஒருத்தரும் படம் எடுக்கேல்லை."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்தாளுக்கு அண்டைக்குப் பகலே மூச்சு வாங்கத் தொடங்கிட்டுது. பாக்க வந்த ஆக்கள் எனக்குத் தெரியாமல் ஆளாளுக்குப் பருக்கியிருக்கினம். பிறகு மச்சான்காரன் ஒரு பெரிய போத்தலோட வந்தான். நல்லாச் சொன்னனான். ஒருக்கா, ரெண்டுதரம். நான் அங்கால திரும்ப இவன் குடுக்கிறான். அப்பதான் பறிச்சனான். மற்றக் கட்டில்களிலயும் ஆக்கள் கிடக்கினம் மாமா. நிண்டு வகுப்பு நடத்த எனக்கு நேரமில்லை."

"ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்க?"

"விசாரிச்சவை. செய்தது சரியாம். ஆனா வெளியில ஒண்டும் கதைக்கக்கூடாதாம். டிவிக்கோ பேப்பருக்கோ அனுமதி இல்லாமல் நாங்கள் வாய் திறந்தா வேலைக்குத்தான் பிரச்சினை."

சரியென்று சொன்னவர்களும் கதவைச் சாத்திக்கொண்டுதான் சொன்னார்கள். ஊரெல்லாம் ஏசுகிறது, பதில் சொல்ல ஒரு வாய் இல்லை.

இந்த ஒழுங்கையை எனக்குத் தெரியும். கொரோனாக் காலத்தில் டிவியில் மிஸ்ஸிமார் எல்லாரையும் வெள்ளைத் தேவதைகள் என்று பாட்டுப் போட்டுக் காட்டினான். இங்கே மாடிகளில் நின்று கை தட்டினார்கள். பேச்சியம்மா அந்த விண்வெளிக்காரன் மாதிரி உடுப்போடு நின்ற மருமகளின் படத்தை இடியப்பப் பெட்டிக்கு மேலே ஒட்டி வைத்தாள். கை தட்டின அதே ஆட்கள்தான், சுதர்சினி பொதுக் குழாயில் குளிக்கக்கூடாது, கிருமி வந்துவிடும் என்று வாளியை உதைத்தவர்கள். அன்றைக்கு அவள் வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் குளித்துவிட்டுத்தான் போனாள்.

பிறகு வந்த நாட்கள் நல்லாயில்லை. பேச்சியம்மா இடியப்பத்தைக் குறைத்தாள், அதுவும் மிஞ்சியது. மிஞ்சினதைக் காய்ந்த மிளகாயும் வெங்காயமும் போட்டுக் கிளறி மூன்று வேளையும் அதையே தின்றார்கள். எனக்கும் ஒரு கோப்பை வரும். சந்திரகுமாரின் ஆட்டோவில் தெமட்டகொடைக்கு ஏறின ஒருத்தி, கண்ணாடியில் தொங்கின கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டுப் பாதி வழியில் இறங்கிப் போய்விட்டாளாம். அவன் படத்தைக் கழற்றி இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டான். அதைச் சுதர்சினி கண்டுவிட்டாள். அன்றைக்குப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம்.

"நான் என்ன செய்யச் சொல்ற? ஆக்கள் ஏற மாட்டேங்கிறாங்க."

"படத்தைக் கழட்டினா ஏறுவினமோ?"

"அம்மாட்ட போய் ஒரு மாசம் இரு சுதா. வெள்ளவத்தையில ஆருக்கும் ஒன்னத் தெரியாது."

"அம்மாவும் அதைத்தான் சொல்லுறா. ஃபிளாட்டில பக்கத்து வீட்டுக்காரன் செத்தாலும் தெரியாதாம், வந்து இரு எண்டு. நான் என்ன களவெடுத்தனானோ ஒளிக்க?"

"களவெடுத்தவனுக்குக் கூட இவ்வளவு ஏச்சு இல்ல."

"அப்ப களவெடுத்திருக்கலாம்."

பேச்சியம்மா குறுக்கே வந்தாள். "ரெண்டு பேரும் வாய மூடுங்க. செவத்துக்கு அந்தப் பக்கம் காளியப்பண்ணே காதக் குடுத்துக்கிட்டு இருக்கும்."

"இருக்கிறன்," என்றேன் நான். "பலகைக்கு நான் என்ன செய்ய?"

அந்த வாரமே ரிம்ஸான் வந்தான். போத்தல் கொண்டு போனவனும் படம் எடுத்தவனும் அவன்தான். கட்டிலில் கிடந்த மஹ்ரூப்புக்கு மச்சான். அடுத்த தெருக்காரன், போன் கடையில் நிற்கிறவன். கூட ஒரு தாடிக்காரப் பொடியன், சஜீத் என்று பேர், போனுக்குள்ளேயே ஒரு செய்திச் சேவை நடத்துகிறானாம். ரிம்ஸான் முகத்தில் வெட்கத்தைக் காணோம். ஒரு பாக்கெட் பிஸ்கட் வேறு கொண்டு வந்திருந்தான்.

"அன்ட்டி, நடந்தது நடந்தது," என்றான் ரிம்ஸான் பேச்சியம்மாவிடம். "மச்சான் இப்ப நல்லா ஈக்கிறார். ஒருகொடவத்தை யார்டுக்கு வேலைக்கும் போற. எங்களுக்கு மிஸ்ஸியோட ஒரு கோவமும் இல்ல. அதான் நல்லா ஒரு வீடியோ செஞ்சு போடுவம் எண்டு வந்த."

"என்ன வீடியோ?"

சஜீத் முன்னால் வந்தான். அண்ணனை நானா என்பது அவர்கள் வழக்கம். "சின்னது அன்ட்டி. மஹ்ரூப் நானா இங்க வாசல்ல இருப்பார். அக்கா வெள்ளை யூனிஃபோர்மோட வந்து தன்ட கையால அவருக்கு ஒரு தம்பிலி குடுப்பாங்க. நானா குடிச்சிட்டுச் சிரிப்பார். அக்கா ஒரு சொல்லும் பேசத் தேவையில்ல. பேசக்கூடாது எண்டு ரூல்ஸ் ஈக்கி எண்டு எனக்குத் தெரியும். மியூசிக் போட்டு, பறித்த கையே பருகக் கொடுத்தது எண்டு போடுவம். முந்தினதை விட இது ஓடும்."

"முந்தினத அழிச்சிடுவியா?" என்று நான் கேட்டேன்.

"அத அழிச்சா இதுக்கு அர்த்தமில்லையே அங்கிள்."

பேச்சியம்மா என்னைப் பார்த்தாள். சந்திரகுமார் எழும்பியே விட்டான். "ஞாயித்துக்கிழமை வாங்க. அவளுக்குப் பின்னேர டியூட்டிதான்," என்றான். சுதர்சினி அப்போது வீட்டில் இல்லை.

வந்தபிறகு சொன்னார்கள். அவள் சோற்றைப் போட்டுத் தின்றுவிட்டுப் படுத்துவிட்டாள். மறுநாள் குழாயடியில் நான் கூடச் சொன்னேன். "ஒரு தம்பிலி தானே புள்ள. குடுத்துட்டுப் போயேன். ஒங்க மாமி தட்டை மூடி மூடித் தொறக்கிறதப் பாக்க முடியல."

"எனக்கும்தான் பாக்க ஏலாமல் கிடக்கு," என்றாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு நல்ல வெயில். ஒழுங்கை வாயை அடைத்துக்கொண்டு அவர்களுடைய வேன் நின்றது. பேச்சியம்மா வாசலைக் கழுவி, ஒரு நாற்காலிக்குத் துணி விரித்து வைத்திருந்தாள். சந்திரகுமார் ஒரு குலை தம்பிலி வாங்கி வந்திருந்தான். மஞ்சளாகப் பளபளவென்று இருந்தது. அக்கம்பக்கம் முழுக்கத் தலைகள். பேச்சியம்மாவின் இடியப்பத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பினவர்கள், வாசலில் இடம் பிடித்து நின்றார்கள்.

மஹ்ரூப் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். படத்தில் பார்த்ததை விட மெலிந்திருந்தான். யார்டில் கொள்கலன் தூக்குகிற மெஷின் ஓட்டுகிறவன், கை மட்டும் இன்னும் உருண்டு திரண்டிருந்தது. தலைக்குத் தொப்பி, புதுச் சாரம். கல்யாண மாப்பிள்ளை மாதிரி என்று யாரோ சொல்ல, "எனக்கு முதல் கலியாணமே போதும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

"உண்மையிலயே தாகமா இருந்துச்சா நானா?" என்று நான் கேட்டேன்.

"தாகம் எண்டா அண்ணே, அது தாகமில்ல. கடலக் குடிக்கலாம் போல ஈந்திச்சு. வேற ஒண்டும் எனக்கு நெனவில்ல. இந்த மிஸ்ஸிட மொகமும் தாகமும்தான் நெனவு. ராவெல்லாம் வந்து வந்து எழுப்பி, இந்தா கொஞ்சம் குடி, இந்தா மூத்திரம் போ எண்டு. மனசுக்குள்ள நான் ஏசின ஏச்சுக்குக் கணக்கில்ல."

சுதர்சினி வெளியே வந்தாள். யூனிஃபோர்மில்தான் வந்தாள். சஜீத்துக்குச் சந்தோஷம். போனை ஒரு முக்காலித் தாங்கியில் பொருத்தி நிறுத்தினான். ரிம்ஸான் கத்தியை எடுத்து ஒரு தம்பிலியைச் சீவி, உறிஞ்சுகிற குழாய் போட்டு அவள் கையில் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள். பேச்சியம்மா கையைக் கூப்பியபடி நின்றாள்.

"அக்கா, மெதுவா நடந்து வந்து குடுங்க. நானாட கண்ணப் பாருங்க."

அவள் நடக்கவில்லை. "தம்பி," என்றாள். "இந்தப் படத்தை ஆர் பாப்பினம்?"

"லங்கா முழுக்கப் பாக்கும் அக்கா."

"டெங்கு வந்த வீட்டுக்காரரும் பாப்பினம் தானே?"

"அவங்களும்தான்."

"அப்ப அவை என்ன நினைப்பினம்? முதல்ல ஒருத்தி பறிச்சவள், பிழை விளங்கிப் பிறகு குடுத்திட்டாள் எண்டு. தம்பிலி குடுக்கிறதுதான் சரி எண்டு. நாளைக்கு ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒவ்வொரு போத்தல் வரும். நாங்கள் மறிச்சா, அந்த மிஸ்ஸியே குடுத்தவ, நீ ஆர் மறிக்க எண்டு கேப்பினம். நான் எத்தினை கட்டிலுக்குப் பின்னால ஓடுறது?"

"அதெல்லாம் யாரும் யோசிக்க மாட்டாங்க அக்கா. இது ஒரு ஃபீலிங்."

"அதுதான் பயம்."

சந்திரகுமார் கிட்ட வந்தான். குரலை அடக்கித்தான் பேசினான், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "சுதா, அம்மாவைப் பாரு. எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. ஒரு நிமிஷம். செஞ்சிரு."

"செய்யமாட்டன் சந்திரன்."

"எங்களுக்காகச் செய்யமாட்டியா?"

அவள் முகம் ஒருமுறை கோணிப்போனது. அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அழவில்லை. "என்னை ஏசினா நான் தாங்குவன். உங்களை ஏசுறதுதான் ஏலாமல் கிடக்கு. அதுக்காக நான் வாட்டில கிடக்கிறவைக்கு நஞ்சு குடுக்க ஏலாது. இது குடுக்கிறது மாதிரிப் படம்தான், ஆனா அவைக்கு நஞ்சைக் குடுக்கிறதுதான்."

பிறகு மாமியாரைப் பார்த்து, "மாமி, கோவிக்காதேங்கோ," என்றாள்.

பேச்சியம்மா கும்பிட்ட கையைக் கீழே விட்டாள். பிறகு மருமகளை விட்டுவிட்டு, கூடி நின்ற தலைகளைப் பார்த்தாள். "என்ன பாக்கிறீங்க?" என்றாள். "கூத்து இல்லையாம். போங்க."

ஒருவரும் போகவில்லை.

மஹ்ரூப் நாற்காலியில் முன்னால் சரிந்தான். சிரிப்பெல்லாம் போய்விட்டிருந்தது. "மிஸ்ஸி, ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு நான் அந்தப் போத்தலக் குடிச்சீந்தா?"

எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். செத்திருப்பாய் என்று அவள் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே கதை மாறியிருக்கும். சஜீத் போனை அவள் முகத்துக்கு நேரே திருப்பி வைத்தான். அதற்காகத்தான் காத்திருந்தான் போல.

"தெரியாது நானா," என்றாள் அவள். "குடிக்க விடேல்லைத்தானே."

மஹ்ரூப் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தான். பிறகு மச்சானைப் பார்த்தான். ரிம்ஸான் கத்தியை ஒரு துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

சுதர்சினி கையிலிருந்த தம்பிலியை மஹ்ரூப்பிடம் கொண்டு போனாள். போனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். "இப்ப நீங்க குடிக்கலாம். வடிவாக் குடியுங்கோ."

அவன் குழாயை எறிந்துவிட்டு, அண்ணாந்து அப்படியே குடித்தான். சாரத்தில் எல்லாம் சிந்தியது.

"அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி…" என்றான் சஜீத்.

அவள் திரும்பவில்லை. அவள் வெள்ளை முதுகுதான் அவனுக்குத் தெரிந்தது. அவன் போனைக் கழற்றினான். "பெற்றோலும் போச்சு, ஞாயிற்றுக்கிழமையும் போச்சு. அப்ப நான் என்னத்தப் போடுற? மன்னிப்புக் கேக்க மறுத்த தாதி எண்டா போடுற?"

"போடுங்கோ."

"அக்கா, கோவத்துல சொல்லாதீங்க. இன்னும் மோசமா ஏசுவாங்க."

"கோவத்தில சொல்லேல்லை. பறிச்சவள் எண்டே போடுங்கோ. இன்னும் பறிப்பாள் எண்டும் போடுங்கோ. அதைப் பாத்தாவது போத்தலைக் கொண்டர ஒருக்கா யோசிப்பினம்."

சஜீத் சிரித்தான், பகிடி என்று நினைத்து. அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

அவள் உள்ளே போய்ப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். செருப்பைத் தேடிப் போட்டாள். வழி விட யாரும் சொல்லவில்லை, ஆனால் விலகினார்கள். சந்திரகுமார் ஆட்டோவுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றான். கோபமா, யோசனையா, அவன் மூஞ்சியில் ஒன்றும் பிடிபடவில்லை. அவள் அவனைப் பார்க்காமல் ஒழுங்கை வாயை நோக்கி நடக்கத் தொடங்கினாள், பஸ்ஸுக்கு.

"நில்லு," என்றான் அவன்.

அவள் நின்றாள். அவன் ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணினான். ஒழுங்கை வாயில் வேன் நின்றதால் வெளியே எடுக்க வழியில்லை. அவன் ஹோர்னை அமுக்கினான். வேன் டிரைவர் சிகரட் பிடித்துக்கொண்டு மதிலில் சாய்ந்து நின்றான், அசையவில்லை. சந்திரகுமார் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை. மாடி ஜன்னல்கள் எல்லாம் திறந்தன.

"வேனை எடு மல்லி," என்று டிரைவர் தம்பியைப் பார்த்துக் கத்தினான். "வாட்டுக்கு நேரமாகுது. மிஸ்ஸி போகணும்."